துஞ்சும் ஊரும் துஞ்சாத் தலைவியும்

தனிமை என்பது யாது? அருகில் ஒருவரும் இல்லாமையே தனிமை என்று பொதுவாகக் கூறுவர். காட்டிலே வழி தப்பியவனும், கலம் உடைந்து கடலிலே பலகையொன்றைப் பற்றிக் கிடப்பவனும் தனித்தவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆயின், தாயும் தமரும் நிறைந்த மனையிலே, பலர் கூடி வாழும் ஊரின் நடுவிலே இருந்துகொண்டு, 'யான் தனியேன்' என்று ஒருவர் கூறுவாராயின் அதனை யாங்ஙனம் விளங்கிக்கொள்வது?

இது புதிய காலத்தின் நோய், பெருநகர வாழ்க்கையின் விளைவு என்று பலர் கருதுகின்றனர். 1950 ஆம் ஆண்டில் அமெரிக்கச் சமூகவியலாளராகிய டேவிட் ரீஸ்மன் வேறிருவரோடு சேர்ந்து எழுதி வெளியிட்ட நூல் 'தனித்த கூட்டம்' என்று பொருள்படும் பெயரைப் பெற்றிருந்தது. 2018 ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசாங்கம் தனிமை என்னும் பிரச்சினையைக் கவனிக்கும் பொறுப்பை ஓர் அமைச்சரிடம் ஒப்படைத்தது. 2021 ஆம் ஆண்டில் யப்பானும் அவ்வாறே செய்தது. இச்செய்திகளைக் கேள்வியுறும் நம்மவர், 'நம்முடைய பழைய ஊர்களில் இந்நோய் இருந்ததில்லை. அங்கே எல்லாரும் எல்லாரையும் அறிந்து வாழ்ந்தனர்' என்று கூறி ஆறுதலடைவதுண்டு. யானும் அவ்வாறே வகுப்பிற் கூறியவன்தான்.

அந்த எண்ணத்தை என்னிடமிருந்து அகற்றியது ஒரு மாணவன் கேட்ட வினா. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பாடசாலையிலே உயர்தர வகுப்பிற்குக் குறுந்தொகை படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஔவையார் பாடிய 28 ஆம் செய்யுளை விளக்கி முடித்தபோது பின்வரிசையில் இருந்த ஒருவன் எழுந்து, "சேர், அவளை விட்டுப் போனவன் அவன். அப்படியிருக்க அவள் ஏன் ஊரோடு கோபிக்கிறாள்?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. யானும் சிரித்தேன். 'காதல் மிகுதியால் அறிவு திரிந்தாள்' என்று உரைக்குறிப்பிலுள்ள முறையில் ஏதோ கூறி, அடுத்த செய்யுளுக்குச் சென்றுவிட்டேன். அவன் விடுதியிலே தங்கிப் படித்தவன். மிகுதியாகப் பேசாதவன். அவனுடைய வினாவுக்கு அன்று கூறாத விடையைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புலம்பு என்னும் சொல்

முதலில் ஒரு சொல்லை நோக்குவோம். 'புலம்பு' என்னும் சொல்லுக்குத் தனிமை என்று பொருள் கூறுகின்றார் தொல்காப்பியர். சொல்லதிகாரத்து உரியியலிலே இது காணப்படும். இன்றோ, 'அவன் புலம்புகின்றான்' என்றால், தனக்கு உற்றதைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருந்துகின்றான் என்றே நாம் கொள்வோம். ஒரு நிலையைக் குறித்த சொல்லே அந்நிலையிலிருந்து எழும் ஒலியையும் குறித்து நிற்கின்றது. இவ்விரு பொருளும் தம்முள் எவ்வாறு இயைந்தன என்று சிந்தித்தல் வேண்டும்.

பேசுவதற்குப் பொருள் இருக்கிறது. கேட்பதற்குச் செவி இல்லை. இந்நிலையிலே வெளிப்படுவதுதான் புலம்பல். கேட்பவர் இருப்பின் அது பேச்சு; கேட்பவர் இல்லையாயின் அதுவே புலம்பு. ஆகவே தனிமை என்பது ஆள் இன்மை அன்று, கேட்பார் இன்மையே என்னும் உண்மை இச்சொல்லினுள் அடங்கிக் கிடக்கின்றது எனலாம். சொல்லாராய்ச்சியைக் கொண்டு மட்டும் ஒரு கொள்கையை நிலைநாட்டுதல் முறையன்று. அதனைச் செய்யுட்களிலே வைத்துச் சோதித்தல் வேண்டும்.

மூன்று யாமங்கள்

குறுந்தொகையிலே ஊர் துஞ்சத் தான் துஞ்சாதிருத்தலைக் கூறும் செய்யுட்கள் மூன்றினை ஈண்டு எடுத்துக்கொள்வோம். 6 ஆம் செய்யுள் பதுமனார் பாடியது, நெய்தல். 28 ஆம் செய்யுள் ஔவையார் பாடியது, பாலை. 138 ஆம் செய்யுள் கொல்லன் அழிசி பாடியது, குறிஞ்சி. திணை மூன்றும் வேறு. புலவர் மூவரும் வேறு. எனினும் மூன்றிலும் நடு யாமம், துஞ்சும் ஊர், துஞ்சாத உள்ளம் என்பன உள்ளன. ஆதலின், இது ஒரு திணைக்கு மட்டும் உரிய கருத்தன்று என்பது பெறப்படும்.

பதுமனார் செய்யுள் நான்கடி உடையது. நள்ளிரவு செறிந்துவிட்டது. பேச்சு அவிந்தது. மாக்கள் இனிது உறங்கிவிட்டனர். பரந்த உலகமும் எவ்வகை வெறுப்புமின்றி உறங்குகின்றது. உறங்காதவள் தான் ஒருத்தியே. இவ்வளவே செய்யுளின் பொருள். இதிலே ஓர் அதிசயம் உண்டு. தலைவனைப் பற்றி இச்செய்யுளிலே ஒரு சொல்லும் இல்லை! அவன் பிரிந்தான் என்பதோ, வாராதிருக்கின்றான் என்பதோ, கொடியவன் என்பதோ கூறப்படவில்லை. அவனை இச்செய்யுளுள் கொணர்வது அடியிலே சேர்க்கப்பட்டுள்ள கூற்றுக் குறிப்பே. குறிப்பை நீக்கிவிட்டுச் செய்யுளை மட்டும் நோக்கினால், அங்கே எஞ்சுபவர் இருவர்: உறங்கும் உலகமும் உறங்காத ஒருத்தியும்.

ஔவையார் செய்யுளும் அத்தகையதே. அதிலேயும் தலைவன் இல்லை. சுழன்று அசையும் காற்று வந்து வருத்துகின்றது. அவளுடைய நோயை அறியாது ஊர் உறங்குகின்றது. அவ்வூரை முட்டுவதா, தாக்குவதா, ஏதேனும் ஒரு சாக்கை மேற்கொண்டு கூவுவதா என்று அவள் தடுமாறுகின்றாள். மாணவன் கேட்டது முற்றிலும் பொருத்தமான வினா என்பது இப்போது விளங்கும். செய்யுளின் சினம் முழுவதும் ஊரின் மேலதே. தலைவன் மேலது அன்று.

இச்செய்யுளிலே பலரும் விரைந்து கடந்து செல்லும் இடம் ஒன்றுண்டு. முட்டுதலுக்கும் தாக்குதலுக்கும் அவள் காரணம் தேடவில்லை. கூவுதலுக்கு மாத்திரம் ஒரு சாக்கு வேண்டியிருக்கின்றது. ஏன்? நோயுற்றவள் தன் நோயைச் சொல்லிக் கூவினால் ஊர் எழுந்து வரும். ஆயின் அந்நோய் ஊரினர்க்கு விளங்காது, விளங்கவும் கூடாது. ஆகவே பொய்க்காரணம் ஒன்றைக் கூறினால்தான் அவளுடைய மெய்யான கூக்குரலை வெளியிட முடியும். பாம்பென்றோ கள்வனென்றோ கூவினால் எல்லாரும் ஓடிவருவர். 'யான் வருந்துகின்றேன்' என்றால் யார் வருவர்? பலர் நடுவிலே வாழும் தனிமையின் கொடுமையை இதனினும் நுட்பமாகக் கூறுதல் அரிது. உதவிக்கு ஆள் இல்லாமையன்று அவள் துயர். உதவி கேட்பதற்கு உண்மையான சொல் இல்லாமையே அவள் துயர்.

பதுமனார், உறங்கினோரைக் குறிக்க 'மாக்கள்' என்னும் சொல்லை ஆள்கின்றார். தொல்காப்பிய மரபியல் மாக்களை ஐயறிவுடையோராகவும் மக்களை ஆறறிவுடையோராகவும் பிரித்துக் கூறும். சங்க நூல்களிலே மாக்கள் என்பது மாந்தர் என்னும் பொதுப்பொருளிலும் வருதலின் இச்சொல்லின் மேல் மிகுந்த பாரத்தை ஏற்றுதல் கூடாது. எனினும், பிறர் துயரை உணரும் அறிவு உறங்கிவிட்ட நிலையைச் சுட்டுமிடத்திலே அச்சொல் அமைந்து கிடத்தல் கற்பார்க்கு இன்பந் தருவதே.

இனி, கொல்லன் அழிசியின் செய்யுளுக்கு வருவோம். இதிலும் பேரூர் உறங்குகின்றது. வீட்டின் அயலிலுள்ள நொச்சியின் நீலமணி போன்ற பூக்கள் மெல்லிய கொம்பிலிருந்து உதிரும் ஓசையும் கேட்கின்றது. பூ உதிரும் ஓசை கேட்குமளவு அமைதி, அவ்வோசையையும் தவறவிடாத விழிப்பு. எனினும் இச்செய்யுளைப் படிக்கும்போது முன்னைய இரண்டிலும் உண்டாகும் துயர் உண்டாவதில்லை. காரணம் யாது?

காரணம் ஒரு சொல்லிலே இருக்கின்றது. இங்கே பேசுபவள் தோழி. அவள் 'யான்' என்று கூறவில்லை; 'யாம்' என்று கூறுகின்றாள். தலைவியும் விழித்திருந்தாள், தோழியும் விழித்திருந்தாள். ஊர் உறங்கியது உண்மையே. ஆயின் உடன் விழித்திருக்க ஒருத்தி இருந்தாள். அவ்வளவிலே தனிமை நீங்கிவிட்டது. துஞ்சும் ஊரின் அளவு குறையவில்லை. துஞ்சாதவர் தொகை ஒன்று கூடியது. 'யான்' என்பது 'யாம்' ஆயிற்று. முன்னைய இரண்டிலும் சினமும் வெறுமையும் தோன்ற, இதிலே பூவின் ஓசை கேட்கும் பொறுமை தோன்றுவது இதனாலேயாம்.

ஒரு தடை

இங்கே புலவர் ஒருவர் தடை நிகழ்த்தக் கூடும். 'பதுமனார் செய்யுளும் தலைவி தோழிக்குக் கூறியது என்றே குறிப்புக் கூறுகின்றது. தோழி அருகில் இருந்து கேட்கின்றாளாயின், தான் ஒருத்தியே உறங்கவில்லை என்று தலைவி கூறுவது எவ்வாறு பொருந்தும்? அன்றியும் அகத்திணை மரபிலே தலைவனைக் கூறாவிடினும் அவன் உளன் என்றே கொள்ளவேண்டும் அன்றோ?' என்பது அத்தடை.

தடையின் பிற்பகுதி ஏற்றுக்கொள்ளத்தக்கதே. அகப்பாட்டு என்றாலே தலைவனும் தலைவியும் உளர். 1915 இல் சௌரிப்பெருமாள் அரங்கனாரும், 1937 இல் உ. வே. சாமிநாதையரும் குறுந்தொகையைப் பதிப்பித்து நமக்கு அளித்தபோது, கூற்றுக் குறிப்புக்களும் உடன் வந்தன; அவற்றைப் புறக்கணித்தல் நன்றியன்று. ஆயின் மரபு தருவது பாட்டின் நிலைக்களன். புலவன் அதன்மேல் எதனைக் காட்டுகின்றான் என்பது வேறு. நிலைக்களன் பிரிவு, காட்டப்படுவது ஊர். இரண்டையும் ஒன்றாக்கி, 'பிரிவுத் துயர்' என்று இரு சொல்லில் முடித்துவிட்டால் புலவன் காட்டியதை நாம் காணாதவராவோம்.

முற்பகுதிக்கு விடை கூறுதல் சிறிது அரிது. தலைவி மறுநாட் காலையில் இரவு நிகழ்ந்ததைத் தோழிக்கு உரைத்தாள் என்று கொள்ளலாம். அல்லது, தோழியும் அவ்விரவில் உறங்கிவிட்டாள், உறங்கியவளை நோக்கியே தலைவி கூறினாள் என்றும் கொள்ளலாம். எனக்குப் பின்னையது பொருத்தமாகத் தோன்றுகின்றது. அப்படிக் கொண்டால், மிக நெருங்கிய ஒருத்தியும் உறங்குவோரோடு சேர்ந்துவிட்டாள் என்னும் வருத்தம் செய்யுளின் உள்ளே புகுந்துகொள்ளும். வெளிவாரிப் பட்டப் பரீட்சைக்காக இரவிலே படித்த ஆண்டுகளில், வீட்டிலுள்ளோர் அனைவரும் உறங்க யான் மட்டும் விளக்கருகில் இருந்தபோதுதான் இச்செய்யுள் எனக்கு விளங்கியது. உறங்குகின்றவர்கள் மேல் அன்பு குறைவதில்லை. ஆயினும் அவர்களுக்கும் நமக்கும் இடையே ஒரு சுவர் எழுந்துவிடுகின்றது.

விழித்திருக்கும் ஊர்

உறங்கும் ஊர் அறியாது. அஃது எழுந்தால் அறியுமா? ஊர் விழித்தபின் நிகழ்வதையும் குறுந்தொகை காட்டுகின்றது.

வெண்பூதியார் பாடிய 97 ஆம் செய்யுளில் ஊர் விழித்திருக்கின்றது, பேசவும் செய்கின்றது. தலைவி கூறுகின்றாள்: யான் இங்கே இருக்கின்றேன். என் நலன் கானலிடத்தே கழிந்தது. தலைவன் தன் ஊரில் இருக்கின்றான். எங்கள் மறைவான நட்போ மன்றத்திலே அலராகப் பரவிக் கிடக்கின்றது. ஒரு வாழ்வு நான்கு கூறாகி நான்கிடங்களிற் சிதறிவிட்டது. அவற்றுள் ஊரினர் கையிற் கிடைத்தது அவளைப் பற்றிய செய்தி, அவள் அல்லள். அலர் தூற்றுவோர்க்கு அவளைப் பற்றி எல்லாம் தெரியும், அவளைத் தெரியாது. எல்லாரும் எல்லாரையும் அறிந்து வாழ்ந்த சிற்றூர் என்று நாம் போற்றும் இடத்திலே, அவ்வறிதலே தனிமையை மிகுவித்ததை இச்செய்யுள் காட்டுகின்றது.

அலர் தூற்றுவோர் பகைவர், நல்லவர்களோ? 290 ஆம் செய்யுளில் அறிவுரை கூறுவோர் வருகின்றனர். காமத்தைத் தாங்கிக்கொள் என்கின்றனர். அவர்கள் அதனை அறியாதவர்களோ, அன்றி அத்துணை வலியுடையவர்களோ என்று தலைவி வினவுகின்றாள். வெள்ளத்திலே சென்று கல்லின் மேல் மோதும் சிறுநுரை போல மெல்ல மெல்ல இல்லாதொழிகின்றேன் என்று முடிக்கின்றாள். இவ்வுவமையாலேயே புலவர் 'கல்பொரு சிறுநுரையார்' என்னும் பெயரைப் பெற்றார். அறிவுரை கூறுவோர் தீயவர் அல்லர். ஆயினும் நுரைக்குக் கல் என்ன செய்கின்றதோ அதனையே நோயுற்றாளுக்கு அவர்தம் சொல் செய்கின்றது. கேளாமலே கூறப்படும் அறிவுரை, உறக்கத்தின் மற்றொரு வகையாகும்.

கபிலர் பாடிய 25 ஆம் செய்யுளையும் இங்கு நினைத்தல் தகும். தலைவன் தன்னை மணந்தபோது அங்கே வேறு யாரும் இல்லை என்கின்றாள் தலைவி. அவன் பொய் கூறினால் யான் என் செய்வேன் என்கின்றாள். பின்னர், ஓடும் நீரிலே ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகு ஒன்று இருந்தது என்று கூறுகின்றாள். குருகு அங்கே இருந்தது உண்மை. ஆயின் அதன் கண் மீன் மேலது. உடனிருந்தும் உடனிராதோர் அனைவர்க்கும் அக்குருகு ஓர் ஓவியமாகும். நம் மனைகளிலும் வகுப்பறைகளிலும் இக்குருகுகள் குறைவல்ல. இன்று கையிலே தொலைபேசியை வைத்து அதன் ஒளியையே நோக்கியிருப்போர் ஆரலுக்குப் பதிலாக வேறொன்றைப் பார்க்கின்றனர், அவ்வளவே வேறுபாடு.

கலித்தொகை நெய்தற்கலியிலே இந்நிலை இன்னும் வெளிப்படையாக அமைந்திருக்கின்றது. கலக்கமுற்ற பெண் ஒருத்தி தெருவிடத்தே நகுதலும் அழுதலுமாக நிற்க, காண்போர் அவளைச் சூழ்கின்றனர். கூட்டம் பெரிது, ஆயின் அது காணவந்த கூட்டம், கேட்கவந்த கூட்டம் அன்று. அவள் ஞாயிற்றோடும் திங்களோடும் கடலோடும் பேசுகின்றாள். தன்னைச் சூழ்ந்து நிற்கும் மனிதரினும் தொலைவிலுள்ள ஞாயிறு அவளுக்கு அணித்தாகின்றது! இக்கலித்தொகையை 1887 இல் முதன்முதல் அச்சேற்றியவர் நம் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் என்பது நாம் மறத்தற்குரியதன்று.

வள்ளுவர் இவ்விரு துன்பங்களையும் வேறு வேறாகக் கண்டவர். தமக்கு இனமானோர் இல்லாத ஊரில் வாழ்தல் துன்பம் என்றும், இனியவரைப் பிரிதல் அதனினும் துன்பம் என்றும் பிரிவாற்றாமை அதிகாரத்திலே தரப்படுத்திக் கூறுகின்றார். இரண்டும் ஒன்றாயின் தரப்படுத்துதற்கு இடமில்லை. படர்மெலிந்திரங்கல் அதிகாரத்திலோ, உயிர்களையெல்லாம் உறங்கச் செய்துவிட்ட இரவு தன்னையன்றி வேறு துணை இல்லாதது என்று தலைவி அவ்விரவுக்காக இரங்குகின்றாள். துணை தேடி நின்றவள் இரவுக்குத் துணையாகின்றாள். ஊரைத் தாக்க எழுந்த சினம் இங்கே இரக்கமாக மாறிவிட்டது.

நரை தோன்றாத புலவர்

தனிமையின் இயல்பைக் கண்டோம். அதன் மறுதலையையும் காணுதல் வேண்டும். பலர் நடுவில் வாழ்ந்து, தனிமையின்றி வாழ்ந்தவர் ஒருவரைப் புறநானூறு காட்டுகின்றது. அவர் பிசிராந்தையார். ஆண்டு பல சென்றும் நரை தோன்றாமைக்குக் காரணம் யாது என்று வினவியோர்க்கு அவர் கூறிய விடையே 191 ஆம் செய்யுள். மாண்பு மிக்க மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தாம் கருதியதையே கருதும் ஏவலர், தீங்கு செய்யாது காக்கும் வேந்தன், இவற்றிற்கெல்லாம் மேலாகத் தம் ஊரில் வாழும் அடக்கமுடைய சான்றோர் பலர் என்று அவர் அடுக்கிக் கூறுகின்றார். இங்கே எண்ணிக்கை முதன்மை பெறவில்லை. 'பலர்' என்பதினும் 'சான்றோர்' என்பதே அழுத்தம் பெறுகின்றது. குறுந்தொகைத் தலைவியின் ஊரிலும் பலர் இருந்தனர். பிசிராந்தையார் ஊரிலும் பலர் இருந்தனர். ஓர் ஊர் நோயைத் தந்தது. மற்றோர் ஊர் நரையைத் தடுத்தது.

அப்பிசிராந்தையார் பாண்டி நாட்டவர். அவருடைய நண்பனாகிய கோப்பெருஞ்சோழன் உறையூரில் இருந்தவன். ஒருவரையொருவர் கண்டதில்லை. சோழன் வடக்கிருந்தபோது அவனைச் சூழ்ந்து சான்றோர் பலர் இருந்தனர். அவனோ, இன்னும் வாராத ஒருவருக்காக ஓர் இடத்தை ஒதுக்கி வைக்குமாறு கூறினான். பிறர் ஐயுற்றனர். பிசிராந்தையார் வந்தார். பழகுதல் வேண்டா, உணர்ச்சி ஒத்தலே நட்பாகும் என்னும் கருத்துடைய குறளுக்குப் பரிமேலழகர் இவ்விருவரையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். தலைவிக்கு ஊர் நிறைந்திருந்தது. நெஞ்சம் வெறுமையாக இருந்தது. சோழனுக்கு ஓர் இருக்கை வெறுமையாக இருந்தது, நெஞ்சம் நிறைந்திருந்தது.

அசோகவனத்திலே

இறுதியாகக் கம்பரிடம் செல்வோம். சுந்தரகாண்டத்துக் காட்சிப் படலத்திலே சீதை அரக்கியர் நெருங்கிச் சூழ இருக்கின்றாள். ஒரு துளி நீரும் காணாது கல்லின் பக்கத்தே முளைத்த நல்ல மருந்துக்குக் கம்பர் அவளை உவமிக்கின்றார். இவளும் உறங்காதவளே. சூழ்ந்திருப்போர் அயலவர், பகைவரின் ஏவலர். எனினும் குறுந்தொகைத் தலைவிக்குக் கிடையாத ஒன்று இவளுக்குக் கிடைத்தது. வீடணன் மகள் திரிசடை அங்கே இருந்தாள். தாயினும் இனியவளாகிய அவளைச் சீதை துணைவி என்றே அழைத்துத் தனக்குத் தோன்றிய நிமித்தங்களைக் கூறுகின்றாள்.

திரிசடை கூறும் விடையிலே கம்பரின் உள்ளம் விளங்குகின்றது. 'நீ உறங்குவதில்லை, ஆதலின் உனக்குக் கனவு தோன்றவில்லை, யான் கண்டதைக் கேள்' என்று தொடங்கித் தன் கனவை விரிக்கின்றாள். இடையிலே சீதை எழுப்பிவிட்டமையால் கனவு முடிவு பெறவில்லை என்கின்றாள். அதனைக் கேட்ட சீதை, 'இன்னும் உறங்கி, எஞ்சியதையும் காண்பாயாக' என்று இரு கைகூப்பி வேண்டுகின்றாள்.

இவ்விடத்திற்கு வந்தபோதுதான் யான் தேடிய விடை எனக்குக் கிடைத்தது. குறுந்தொகையிலே ஊரார் உறங்கினர். தலைவி தாக்க எழுந்தாள். இங்கே தோழியை உறங்குமாறு சீதையே வேண்டுகின்றாள். உறக்கம் இரண்டிடத்தும் ஒன்றே; ஆயினும் ஒன்று பிரித்தது, மற்றது இணைத்தது. ஏனெனில், திரிசடை சீதையின் துயரை அறிந்து உறங்குகின்றாள். உறக்கத்திலும் அவளுக்காகவே காண்கின்றாள். ஆதலின் ஔவையார் செய்யுளிலே குற்றமாகச் சுட்டப்படுவது ஊரின் துயில் அன்று. அறியாது துயிலும் அவ்வறியாமையே. பிறர் நமக்காக எப்பொழுதும் விழித்திருத்தல் இயலாது. நம் நோயை அறிந்த ஒருவர் உளர் என்றால், அவர் உறங்கினும் நாம் தனியேம் அல்லேம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பலர் நடுவில் உண்டாகும் தனிமை நகரம் பெற்றெடுத்த புதிய நோயன்று என்பதும், எல்லாரும் எல்லாரையும் அறிந்த சிற்றூரிலேயே அதனைச் சங்கப் புலவர் கண்டுரைத்தனர் என்பதும், ஆள் இன்மையன்று கேட்டறிவார் இன்மையே அதன் காரணம் என்பதும், அதனைத் தீர்க்க ஊர் முழுவதும் எழ வேண்டுவதில்லை, 'யான்' என்பதை 'யாம்' ஆக்கும் ஒருவர் போதும் என்பதும் ஒருவாறு புலப்படும்.

இனி அம்மாணவனுக்கு விடை கூறலாம். 'தம்பி, அவன் போனது அவளுடைய துன்பத்தின் ஒரு பாதி. அத்துன்பத்தை யாரும் அறியவில்லை என்பது மறுபாதி. அதனால்தான் அவள் ஊரோடு கோபிக்கின்றாள்.' இவ்விடையைக் கூறுதற்கு அவன் இப்பொழுது என் முன் இல்லை. விடுதியிலே பலருக்கிடையில் படுத்துறங்கிய, அல்லது உறங்காதிருந்த, ஒரு பிள்ளை பொய்க்காரணம் ஒன்றை மேற்கொண்டு கூவியதாகவே அவ்வினா இன்று எனக்குப் படுகின்றது. செய்யுளைப் பற்றிக் கேட்பது போல அவன் கேட்டான். யான் செய்யுளைப் பற்றி மட்டும் விடை கூறினேன். அதுவும் பிழையான விடை.

ஆசிரியராகிய நாம் நாள்தோறும் வரவுப் பதிவேட்டிலே எத்தனை பேர் வந்துளர் என்று எண்ணிக் குறிக்கின்றோம். வந்தவருள் யார் தனித்திருக்கின்றார் என்பதை அப்பதிவேடு கூறாது. அதனை அறிய வேண்டுமாயின், வகுப்புச் சிரிக்கும் வேளையில் நாமும் உடன் சிரித்துவிடாது, வினவியவனுடைய முகத்தைச் சிறிது நேரம் நோக்குதல் வேண்டும். சங்கப் புலவர் நமக்குத் தந்த பயிற்சி அதுவே.